மூன்று அறைகளில் ஒரு முழங்கால்

என் பல்செட்டின் மீது ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை: தையல்கார அக்காவின் வலது முழங்கால் ஒரே காலைப்பொழுதில் முதல் அறையில் குணமாயிற்று, இரண்டாம் அறையில் பூசணிக்காயாய் வீங்கிற்று, மூன்றாம் அறையில் காணாமலே போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியின் மாடியில் மூட்டுவலி மாத்திரை ஒன்றை மூன்று டாக்டர்கள் தனித்தனியே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆள் பற்றாமல் மூன்றிலும் அக்காவைச் சேர்த்திருந்தார்கள். கோணக்காரர் முழங்கால் எவ்வளவு மடங்குகிறதென்று பார்ப்பார். நாடாக்காரர் வீக்கத்தைச் சுற்றி அளப்பார். கேள்விக்காரர் காலைப் பார்க்கவே மாட்டார், "மனசு எப்படிம்மா இருக்கு?" என்பதோடு சரி. கால் என்ன செய்யும் பாவம், போன அறைக்குத் தக்கபடி நடந்துகொண்டது.

மாத்திரையோ அக்காவின் வயிற்றை அடுப்பாய் எரித்தது. அதை விழுங்குவதா, விட்டுத்தொலைப்பதா? சொல்ல வேண்டியவள் அவளுடைய தங்கை. மூன்று ஆய்வின் முடிவுகளையும் கூட்டிப் பார்ப்பதுதான் அங்கே அவளுக்கு வேலை. "கூட்டவே முடியலக்கா. ஒருத்தர் முழக்கணக்கு, ஒருத்தர் ஆழாக்குக் கணக்கு, ஒருத்தர் வெறும் குசலம்" என்றாள். இத்தனைக்கும், மூட்டு ஆராய்ச்சி செய்பவர்கள் எல்லோரும் ஒன்றுபோல எதை அளக்க வேண்டும் என்ற பொதுவிதி மாடிச் சுவரிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது: வலி, நடை, படியேற்றம், அன்றாட வேலை. மூவருக்கும் தெரியும், அதை வகுத்த கூட்டத்தில் கைதட்டியவர்களே அவர்கள்தான். "அருமையான விதி. மத்தவங்க கட்டாயம் கடைப்பிடிக்கணும்" என்றார் நாடாக்காரர்.

அக்கா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். "வயிறு எரிஞ்சாலும் முழுங்குறேன். ஆனா மூணு பேரும் ஒரே மாதிரி அளக்கிற வரைக்கும் இந்தக் காலை எவனும் தொடக்கூடாது!"

"ஆய்வு கெட்டுப்போயிடும்மா" என்றார் கோணக்காரர்.

"கெட்டுப்போக அதுல என்ன சார் மிச்சமிருக்கு?"

அன்று முதல் டாக்டர்களுக்குப் படி முடியவேயில்லை. எவ்வளவு இறங்கினாலும் மாடியிலேயே வந்து நின்றார்கள். சாப்பாட்டுக்கூடை கயிற்றில் ஏறியது. தங்கைக்குக் கல்யாணமாகி, பிறந்த குழந்தை பெரியம்மா பக்கத்தில் அந்தப் படிகளிலேயே தவழக் கற்றது. கடைசியில் கேள்விக்காரர்தான் தளர்ந்தார். சுவரில் தொங்கிய விதிச் சட்டத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "படி ஏற முடியுதாம்மா?" என்று கேட்டார்.

"என் கதை இருக்கட்டும், உங்களால இறங்க முடியுதா?"

கால் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை படி கீழ்நோக்கியே போனது. மற்ற இருவரும் அவர் முதுகைப் பிடித்தபடி இறங்கினார்கள்.

பிறகு எல்லா நோயாளிகளையும் ஒரே விதமாக அளந்தார்கள். தங்கை ஒரே மூச்சில் கூட்டிமுடித்தாள். மாத்திரை தின்றவர்களும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத மாவு மாத்திரையைத் தின்றவர்களும் ஒரே மாதிரிதான் நொண்டினார்கள். "பலன் இல்லைன்னா இல்லைன்னு சொல்ல இத்தனை வருஷமாடி?" என்று மிச்ச மாத்திரைகளை வீசியெறிந்துவிட்டு, அக்கா நொண்டிக்கொண்டே தையல் மெஷினுக்குத் திரும்பினாள். எந்த அறைக்குள் போனாலும் அவளுக்கு இப்போது ஒரே முழங்கால்தான், வலிக்கிறது, அவ்வளவே. அந்த ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது, சந்தேகமென்றால் போய்ப் பார்க்கலாம். தரைத்தளம் மட்டும்தான், மாடி கட்ட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.