கன்றுக்குட்டியின் பங்கு

அங்கன்வாடி தராசில் மகள் கவிநிலா உட்கார்ந்ததும் தனம் முள்ளையே பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒன்பது கிலோ முந்நூறு. எடை குறைவு என்று அட்டையில் மஞ்சள் கட்டம். இந்த முறையும் ஏறவில்லையென்றால் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிடுவதாக அருணாதேவி டீச்சர் சொல்லியிருந்தார். இரண்டரை வயதிலேயே பேச்சென்றால் கவிநிலாவுக்கு வாய் காது வரைக்கும் நீளும். சோற்றைக் கண்டால் அதே வாய்க்குப் பூட்டு.

இத்தனைக்கும் மாதாமாதம் சத்துமாவுப் பொட்டலம் தருகிறார்கள். கேழ்வரகு, கோதுமை, கடலை, வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்த மாவு. தனம் அதை வெந்நீரில் பிசைந்து நேராகக் கன்றுக்குட்டிக்கு வைத்துவிடுவாள். கன்று தளதளவென்று நின்றது. பிள்ளைக்கு, புருஷன் முருகவேல் டவுனிலிருந்து வாங்கி வரும் டப்பா பவுடர். டப்பாவின் மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும்போது பெற்றவளுக்கு நம்பிக்கை வராதா?

"பத்து கிலோ தாண்டிட்டா! பச்சைக்கு வந்துட்டா! இன்னா குடுத்த தனம்?" என்றார் டீச்சர்.

"சத்துமாவுதான் டீச்சர், தினமும்." வந்த பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். "உருண்டை புடிச்சி, வெல்லம் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டு."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாளைக்கு காலைல வூட்டுக்கு வர்றேன். புள்ள சாப்புடறத வீடியோ எடுத்து மத்த அம்மாங்களுக்குக் காட்டணும்."

மறுநாள் டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தனம் உருண்டையை நீட்டினாள். கவிநிலா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"ஒரே வாய்டி கண்ணு."

"ஊஹும்."

அந்த நேரம் பார்த்துக் கொட்டகையிலிருந்து கன்று கத்தியது. கவிநிலா தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓட, இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

கன்றின் எதிரில் அவள் சம்மணம் போட்டிருந்தாள். "உனுக்கு ஒண்ணு. எனுக்கு ஒண்ணு." கன்றின் வாயில் ஓர் உருண்டை, தன் வாயில் ஓர் உருண்டை. அதன் தாடையைப் பிடித்து, அச்சு அசல் தனத்தின் குரலில் மிரட்டினாள்: "துப்பாம முழுங்கு. ஆஸ்பத்திரிக்குப் போணுமா?"

இரண்டு மாதமாகக் கன்றுக்கு வைத்த மாவில் இங்கேதான் பந்தி நடந்திருக்கிறது என்று தனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மானம் போயிற்று. ஆனாலும் தன் பிள்ளை மென்று விழுங்குவதைப் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

டீச்சர் போனை இறக்கவில்லை. தனம் மெல்ல நகர்ந்து, முந்தானையை விரித்துக் கன்றை மறைத்தபடி நின்றாள். கன்று அவள் இடுப்புக்கும் கைக்கும் நடுவே தலையை நீட்டி, அடுத்த உருண்டைக்கு வாயைத் திறந்தது.