காலிப் பணியிடம் நடத்திய பாடம்

தத்துவத் துறையின் காலிப் பணியிடம் பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்தியது. அத்தனை ஆண்டுகளில் ஒரு நாள்கூட அது தாமதமாக வரவில்லை, தற்செயல் விடுப்பு எடுக்கவில்லை என்று பல்கலைக்கழகத்தின் பொன்விழா மலரே ஒப்புக்கொள்கிறது. சோப்புத் தொழிற்சாலை நடத்திப் பணம் சேர்த்த ஒருவர் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. துணைவேந்தர்கள் வந்தார்கள், போனார்கள். மாறாமல் இருந்தது கால அட்டவணை ஒன்றுதான். முதல் அட்டவணையைப் போட உட்கார்ந்த அன்றைக்குத் திங்கட்கிழமை முதல் பாடவேளைக்காக வேதியியலும் வரலாறும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டதால், இனி இதில் யாரும் கை வைப்பதில்லை என்று ஆசிரியர்கள் தீர்மானம் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆகவே தத்துவப் பேராசிரியர் ஓய்வு பெற்று, அவர் இடம் நிரப்பப்படாமல் கிடந்தபோதும் அவருடைய பாடவேளைகள் அட்டவணையில் அப்படியே இருந்தன. வருகைப் பதிவு போய்விடக் கூடாதே என்று மாணவர்கள் பதினேழாம் எண் அறையில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, காலி நாற்காலியிலிருந்து லேசாக ஜலதோஷம் பிடித்த குரல் ஒன்று எழுந்து, நாற்பதாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னது. திறந்தார்கள்.

அந்த ஆண்டு தத்துவத்தில் யாரும் தோற்கவில்லை. இயற்பியல் பேராசிரியர் ஒரு நாள் வந்து நாற்காலியைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒலிக்குக் காற்று இருந்தால் போதும், ஆள் இருந்தே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மற்ற ஆசிரியர்களுக்கும் அந்தக் காலியிடத்தை ரொம்பப் பிடித்துப் போனது. அது துறைத் தலைவர் பதவிக்குப் போட்டியிடவில்லை, அடுத்தவர் கோப்பையில் தேநீர் குடிக்கவில்லை, கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. நல்லாசிரியர் விருது இரண்டு முறை அதற்குப் போனபோது பொறாமைப்பட ஆள் இல்லாததால் பொறாமையும் இல்லை.

இதெல்லாம் நடந்த காலத்தில் அந்த இடத்துக்காக ஒருத்தி ஏழு முறை விண்ணப்பித்திருந்தாள். நான்கு கல்லூரிகளில் மணிக்கணக்குக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, பையில் சாக்பீஸும் சாப்பாட்டு டப்பாவுமாக ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் அவள் பஸ் டீச்சர். ஒவ்வொரு முறையும் தன் கட்டுரைகளை மூன்று பிரதி எடுத்து இணைத்து அனுப்புவாள்; ஒவ்வொரு முறையும் நேர்காணல் ரத்தாகும். எட்டாவதாக விண்ணப்பிக்க வயது வரம்பு இடம் கொடுக்காது என்ற நிலையில், நாற்பத்தாறாவது வயதில், பழைய ஏழாவது விண்ணப்பத்துக்கே வேலை உத்தரவு வந்து சேர்ந்தது. பத்து நாளுக்குள் சேர வேண்டும். ஒன்பது நாள் அவள் தூங்காமல் சந்தோஷப்பட்டாள். பத்தாம் நாள் மதியம் பணியமைப்புப் பிரிவுக்குப் போனபோது கண்காணிப்பாளர் பதிவேட்டை நீட்டாமல் தலையைச் சொறிந்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்ட நிமிஷம் காலியிடம்ங்கிறது இல்லாமப் போயிடும் மேடம். பசங்க வேண்டாம்னு மனு கொடுத்திருக்காங்க. ஆசிரியர் சங்கமும் கொடுத்திருக்கு."

"பதினெட்டு வருஷமா பஸ் மாறி மாறி அலையுறேன் சார். அது சோத்துல மண்ணள்ளிப் போடவா நான் வந்தேன்?"

"அது எங்க மேடம் சோறு சாப்பிடுது," என்றார் கண்காணிப்பாளர். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. யோசிச்சு வாங்க."

யோசிக்க இடம் தேடி அவள் பதினேழாம் எண் அறைக்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னல் விளிம்பில்கூட மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குரல் தொடங்கியது. குடையை இரவல் கொடுத்தவன் திரும்பத் திரும்ப வானத்தைப் பார்ப்பான், வாங்கிக்கொண்டு போனவன் பார்ப்பதில்லை. ஆசை என்பது வானத்தைப் பார்ப்பது என்று அது சொன்னபோது, பஸ் டீச்சரின் கை பையை இறுகப் பிடித்தது. அது அவளுடைய குடை. இருபத்தெட்டாவது வயதில், ஒரு மழை நாளில் நனைந்துகொண்டே யோசித்து, முதல் விண்ணப்பத்தோடு இணைத்த கட்டுரை. நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னாலிருந்த அலமாரியில், அலுவலகத்தில் இடமில்லாமல் துறைக்குத் தள்ளிவிடப்பட்ட அவளுடைய ஏழு விண்ணப்பங்களும், கட்டுரைகளின் மூன்று மூன்று பிரதிகளோடு, ஓரம் நைந்து போகும் அளவுக்குப் புரட்டப்பட்டுக் கிடந்தன. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, நாலு ஊர்க் கல்லூரிகளில் தான் தொண்டை வறளக் கத்தியபோதெல்லாம் இங்கே ஒரு வகுப்பு முழுக்கத் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்று புரிந்து, கண் நிறைந்துவிட்டது.

எழுந்து நின்றாள். "அது தப்பு," என்றாள். "அதை எழுதினப்ப எனக்கு இருபத்தெட்டு வயசு. ஆசைப்பட்டவன் வானத்தைப் பார்க்க மாட்டான். நனைஞ்சுக்கிட்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான்."

பதினெட்டு ஆண்டுகளில் மற்றவர்களிடம் எதையும் கேட்டறியாத அந்தக் குரல் மெல்லத் தும்மிவிட்டு, "அப்போ குடை?" என்று கேட்டது.

"குடையைக் கொடுத்ததே அவனுக்கு ஞாபகம் இருக்காது. ஓடுறவனுக்கு எங்க நேரம்?"

அது ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை. மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. அடுத்த பாடவேளைக்காக வந்த வரலாற்றுப் பேராசிரியரும் வாசலிலேயே நின்று கேட்டார். நாலே முக்கால் மணிக்கு வாதம் முடியாமலே வகுப்பு முடிந்தபோது, மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருந்த மாணவியே, "சீக்கிரம் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க மேடம், அஞ்சு மணி ஆகப் போகுது," என்று அவளை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனாள்.

சட்டப்படி ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது காலியிடம் ஒழிந்தது. மறுநாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்தபோது முதல் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு தும்மல் கேட்டது. வகுப்பில் உட்காருகிறவர் யாரானாலும் வருகைப் பதிவு உண்டு என்பதால், அலுவலகம் பதிவேட்டில் நாற்பத்து மூன்றாவதாக ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தது. அது நிறையக் கேள்வி கேட்டது, தேர்வுக்கும் ஒழுங்காக வந்தது. முதலாண்டில் இரண்டாம் வகுப்பில்தான் தேறியது. எல்லா விடைகளும் சரிதான் என்றாலும், ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பஸ் டீச்சர் சிவப்பு மையால், "சொந்தமாக யோசித்து எழுதப் பழகவும்," என்று எழுதியிருந்தாள்.