வெட்டுப் பக்கம் மேலே

அக்டோபர் 11, சனி. நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. ஆராதனைக்கு இருக்கையாகப் போட்ட கட்டுகள் ஓட்ஸ் வைக்கோல் என்று எழுதியிருந்தேன். கோதுமை வைக்கோல். திருத்திவிட்டேன். இருக்கை வேலை குறையில்லாமல் முடிந்தது என்று நினைக்கிறேன்.

லோரன் ட்வைட் நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டு, 'என்று நினைக்கிறேன்' என்பதை அடிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதே என்று எழுத்துப் பயிற்சி மாலை வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். அடிக்காமல் விட்டான்.

மறுநாள் சபைக்காரர் கேலார்டின் ஆப்பிள் தோட்டத்தில் அறுவடை ஆராதனை. ரெனே ஸ்டக்கி என்ற பெண் போதகர் வந்து பிரசங்கம் செய்வார், முடிந்ததும் அவரை ஏற்பதா என்று சபை வாக்களிக்கும். இரண்டு வருடமாகப் போதகர் இல்லை. இவரும் வேண்டாமென்றால் கோயிலைப் பூட்டிப் பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே ஆர்கன் வாசிக்க ஆள் உண்டு. இங்கே வாசிப்பது லோரனின் அம்மா மார்லிஸ். அப்பா போன பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே கிளம்புவதே அதற்காகத்தான்.

ஆராதனையின் அலங்காரப் பொறுப்பு சபையைச் சேர்ந்த ஆர்டிஸுடையது. "கட்டு மேல போர்வை கீர்வை விரிச்சுடாதே. எடுக்கிற படத்துல வைக்கோல் தெரியணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். லோரனும் விரிக்கவில்லை.

ஞாயிறு காலை எல்லோரும் நின்று பாடினார்கள். உட்கார்ந்தார்கள். ரெனே தொடங்கினார்.

பிரசங்கத் தாளின் இரண்டாவது பக்கத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்தார். மற்றவர்கள் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். வலித்தால் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. ரெனே அவர்களைப் பார்த்தார், ஒரு பக்கத்தைத் தாண்டிப் படித்தார், குரல் இறங்கிக்கொண்டே போனது.

பின்னால் நின்றிருந்த லோரன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்ததுமே புரிந்துவிட்டது. கட்டு கட்டும் இயந்திரம் வைக்கோலை ஒரு பக்கம் மடிக்கும், எதிர்ப்பக்கம் கத்தியால் நறுக்கும். களஞ்சியத்தில் அடுக்கும்போது நறுக்கிய பக்கத்தை மேலே வைப்பார்கள், கயிறு தரையில் பட்டு அழுகக் கூடாது என்பதற்காக. சிறு வயதிலிருந்து அடுக்கிப் பழகிய கை இங்கேயும் அப்படியே அடுக்கிவிட்டது. சபை முழுவதும் குத்தூசி மேல் உட்கார்ந்திருந்தது.

"என்னடா முழிக்கிறே?" மார்லிஸ் கிசுகிசுத்தாள்.

"வெட்டுப் பக்கம் மேல இருக்கும்மா."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

அவள் ரெனேவைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு அழுதுடும் போலிருக்கு. எழுந்து சொல்லு."

"பிரசங்கத்துக்கு நடுவுலயா?"

"பின்னே? கோயிலைப் பூட்டினப்புறமா?"

லோரன் எழுந்தான். "மன்னிக்கணும் போதகரம்மா. உங்க பிரசங்கத்துல குறை இல்ல. கட்டைத்தான் நான் தப்பாப் போட்டுட்டேன். வெட்டுப் பக்கம் மேல வந்துடுச்சு."

"பிரசங்கத்துல குறை இல்லைன்னு நீ எப்படிடா சொல்லலாம்?" பின்வரிசையிலிருந்து கேலார்ட். "இன்னும் ஓட்டுப் போடலையே."

ரெனே தாள்களைக் கீழே வைத்தார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். "எழுந்திருங்க." ஒரு கட்டின் கயிற்றைப் பிடித்து, முழங்காலால் ஒரு தள்ளு. கயிறு ஓடும் அகலப் பக்கம் மேலாகக் கட்டு படுத்தது.

"எங்க வீட்டுலயும் வெட்டுப் பக்கம் மேலதான் அடுக்குவோம்" என்றார். "எங்க அண்ணன் கல்யாணத்துல இதே வேலையை நான் பண்ணினேன். அண்ணி இன்னும் எங்கிட்டப் பேசறதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எல்லோரும் குனிந்து அவரவர் கட்டைப் புரட்டினார்கள். ரெனே மேடைக்குத் திரும்பித் தாள்களைக் கிளறினார்.

"எங்க விட்டேன்னு தெரியல. ஆமென்."

வாக்கெடுப்பில் மூன்று பேர் மட்டும்தான் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருத்தி ஆர்டிஸ். இப்போது படத்தில் கயிறெல்லாம் தெரிகிறதாம்.

ஆப்பிள் பை என்ற பலகாரம் வைத்த மேசையருகே மார்லிஸ் கேலார்டைப் பிடித்துக்கொண்டாள். "பிரசங்கம் எப்படி?"

"கட்டைப் புரட்டத் தெரியுது."

"நான் அதைக் கேக்கல."

"பிரசங்கம் போகப் போகப் பழகிடும்" என்று கேலார்ட் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் லோரன் வண்டியை நிறுத்தியதும் மார்லிஸ், "போதகரம்மாவுக்குப் பாட்டு வேகமா வாசிச்சாப் பிடிக்குமா, மெதுவாவா?" என்றாள்.

"தெரியலம்மா."

"கேட்டு வை."

அக்டோபர் 12, ஞாயிறு. நாளை போதகர் இல்லத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு வருடமாக அங்கே யாரும் அடுப்பு மூட்டவில்லை.