கதவுகளைக் கழற்றிய சனிக்கிழமை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் அவளுக்கு ஏடிஹெச்டி இருப்பதாக டாக்டர் சொன்னபோது வயது நாற்பத்தொன்று. "உங்க கவனம் உங்க பேச்சக் கேக்காது, அவ்வளவுதான்" என்று விளக்கி, விவரமெல்லாம் அடங்கிய தாள் ஒன்றையும் கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் அவள் அதைத் தொலைத்துவிட்டாள். பஸ்ஸில் பையைக் கவிழ்த்துத் தேடும்போது பக்கத்து இருக்கைப் பெண், "ஏடிஹெச்டியா? எனக்கும்தான்" என்று தன் ஃபோனில் ஒரு குழுவைக் காட்டினாள்.

முழுக்கப் பெண்கள். தங்கள் மண்டைக்குள் நடப்பதைத் தாங்களே கண்டுபிடித்துக் கடை விரித்திருந்தார்கள். மாத்திரை அட்டையைப் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ரப்பர் பேண்டில் கட்டு என்றாள் ஒருத்தி. அழுகை வந்தால் அலாரம் வைத்துவிட்டு அழு, இல்லாவிட்டால் மத்தியானம் போய்விடும் என்றாள் இன்னொருத்தி. இவளும் தன் பங்குக்கு ஒன்று போட்டாள்: சாப்பாட்டு டப்பாவை மறக்காமலிருக்க வலது கால் செருப்பை ஃபிரிட்ஜில் டப்பாமேல் வைத்துவிடுங்கள், ஒற்றைச் செருப்போடு யாரும் வேலைக்குக் கிளம்ப முடியாது. ஒரே வாரத்தில் ஊர்ப்பட்ட ஃபிரிட்ஜ்களுக்குள் செருப்பு ஏறியது. அவளுக்குச் செருப்பக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் துணி மடிப்பதை நேரலையில் காட்டினாள். கூட ஒருத்தி உட்கார்ந்தாலே வேலை ஓடும் என்பது குழுவில் எல்லோரும் அனுபவித்துச் சொன்ன விஷயம். இரண்டாயிரத்து அறுநூறு பேர் அவரவர் வீட்டுக் குவியலோடு உட்கார்ந்தார்கள். மடித்துக்கொண்டே படிக்க முடியாதென்பதால், வரும் செய்திகளை ஃபோனே குரலில் வாசிக்கும்படி செய்திருந்தாள். ஒரு சாக்ஸுக்கு ஜோடி தேடிப் படுக்கையறைக்குப் போனாள். அங்கே கட்டில்மேல், அன்று காலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்த வாடிக்கையாளரின் கண்ணாடி இருந்தது. எடுத்துக்கொண்டு அப்படியே கடைக்குப் போய்விட்டாள்; கூடத்தில் ஃபோன் நேரலையைக் காட்டிக்கொண்டே இருந்தது.

பத்தரை மணிக்குக் கடைத் தொலைபேசி அடித்தது. முதலாளியம்மா எடுத்துக் கேட்டுவிட்டு, "உன் வீட்ல முட்டைக்கு வச்ச தண்ணி வத்திடுச்சாம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரோ ஒரு பொண்ணு. நீ போட்டிருந்த சட்டையில நம்ம கடைப் பேர் இருந்துச்சாம்."

இருவரும் கடைக் கம்ப்யூட்டரில் நேரலையைத் திறந்தார்கள். வீட்டுக்கூடமும் அதற்கு அப்பால் அடுப்பும் தெரிந்தன. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் அப்போதுதான் இரவு வேலை முடிந்து நுழைந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அடுப்ப அணைங்க" என்றது ஃபோன்.

அவர் துள்ளி விழுந்தார். பிறகு ஓடிப்போய் அணைத்தார். திரும்பி வந்து ஃபோனை முறைத்து, "யாரு நீங்க?" என்றார்.

"நாலாயிரம் பேர் இருக்கோம் அண்ணா. வழியில செருப்ப விடாதீங்க, அக்கா தடுக்கி விழுவாங்க."

வழக்கம்போல அலமாரிக் கதவுகள் ஆவென்று திறந்து கிடந்தன. அவர் ஒவ்வொன்றாய்ச் சாத்தத் தொடங்கினார். ஃபோன் அலறியது.

"மூடாதீங்க! கண்ணுக்குத் தெரியாட்டி அந்தப் பொருளே எங்களுக்கு இல்லாம போயிடும்."

"அதுக்காக இப்படியா திறந்து போடறது? பதினேழு வருஷமா அவ பின்னாடியே போய் மூடிட்டிருக்கேன்!"

"அதனாலதான் அண்ணா உங்க வீட்ல பதினோரு கத்தரிக்கோல் இருக்கு."

அவர் இழுப்பறைகளைத் திறந்து எண்ணினார். பன்னிரண்டு. அவற்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கடையில் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. முதலாளியம்மாவின் கணக்கிலிருந்தே தட்டச்சு செய்தாள்: 'அவர் என் வீட்டுக்காரர். நான்தான் செருப்பக்கா.'

உடனே பதில் வந்தது: 'இங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றோம். அண்ணனோட செருப்பு சைஸ் என்ன?'

அவளுக்கு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. 'ஒன்பது' என்று வேறொருத்தி முந்திக்கொண்டாள். அவளைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அதற்குள் கணவர் ஸ்க்ரூ டிரைவரோடு எழுந்து நின்றார். "கதவு இருந்தாத்தானே மூடுவேன்?" என்றார். கைதட்டும் பொம்மைகள் திரையில் மழையாய்ப் பொழிந்தன. அலமாரிகளின் ஒன்பது கதவுகளையும் கழற்றிச் சுவரோரம் அடுக்கினார். பார்ப்பவர்கள் பதினோராயிரம் ஆனார்கள். குளியலறைக்கும் இந்த விதி பொருந்துமா என்று விவாதம் கிளம்பி, ஓட்டெடுப்பு நடந்தது. கழற்று என்பதே ஜெயித்தது.

'வேண்டாம்!' என்று அவள் நாற்பது தடவை அடித்தாள்; குவிந்த செய்திகளுக்கிடையே ஃபோன் அதை வாசிக்கவே இல்லை. 'போலி செருப்பக்கா' என்று சொல்லி அவளைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

"போடி, மொதல்ல வீட்டுக்குப் போ" என்றாள் முதலாளியம்மா. "எவ வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சிராத, நேரா போ."

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் குளியலறைக் கதவைச் சுமந்தபடி கூடத்தில் வியர்த்துப்போய் நின்றார். அவள் நேராகப் போய் ஃபோனை அணைத்தாள். வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

"அந்தப் பொண்ணுங்கள்லாம் உன்னப் பத்தி எவ்ளோ சொல்றாங்க" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "நீ ஏம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

"சொல்லணும்னுதான் வருவேன். வர்ற வழியில வேற ஏதாச்சும் கண்ணுல பட்டுடும்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, இந்தக் கதவையாவது மாட்டுவோம். இதை இப்படிப் புடி" என்றார்.

கீல் வளைந்திருந்ததால் வேலை இழுத்துக்கொண்டே போனது. கனமான கதவை இரண்டு கையாலும் தாங்கி நின்றதால் அவளால் எங்கும் நகர முடியவில்லை. டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நின்ற நாட்களுக்குப் போனாள். 'சோம்பேறி' என்று அவர் ஒரு தடவை சொன்னதையும், அதை இத்தனை வருஷம் மறக்க முடியாமல் கிடந்ததையும் சொன்னாள். அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாய் முடுக்கிக்கொண்டே கேட்டார். கடைசி ஆணியை இறுக்கிய பிறகும், "இன்னும் கொஞ்சம் புடிச்சுக்க, ஆடுது" என்றார். கதவு ஆடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பிடித்துக்கொண்டே மீதியையும் சொல்லி முடித்தாள்.