ஒதுங்கிப் போகும் வண்டிகள்

1.

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. என் மின்சாரக் காருக்குப் புது மென்பொருள் வந்து இறங்கிய வாரம், வைப்பர் தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. வானம் வெளுத்துக் கிடக்க, கண்ணாடியைத் துடைதுடையென்று துடைத்தது. யாரிடமாவது சொல்லிப் புலம்பலாமே என்று ஞாயிற்றுக்கிழமை காலை சார்ஜ் போடும் இடத்துக்குப் போனேன். அங்கே என்னைப் போலவே புலம்ப வந்தவர்கள் நின்றிருந்தார்கள். புலம்பல் தீர்ந்துவிட்டது. கதை ஒட்டிக்கொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தச் சாலையில் ஏதோ ஒன்று..." (வேண்டாம். 'ஏதோ ஒன்று' என்று எழுதுகிறவர்களை நானே நம்ப மாட்டேன்.)

பிறகு: "அவளுக்கு அண்ணன் என்றால் உயிர்." (உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.)

ஆகவே புலம்பலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2.

பல் டாக்டருக்கு பிரேக் இறுகிவிட்டதாம். நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் அம்மாவுக்கு வேறு குறை. முன்பெல்லாம் "இடப்பக்கம் திரும்பவும்" என்று சொன்ன வண்டி, இப்போது "திரும்பலாமா?" என்று கேட்கிறதாம். தன் வீட்டுக்காரர்கூட இந்த ஜென்மத்தில் இவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. கடைத்தெருவில் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பவள். அவளைத்தான் இனி நாம் பின்தொடரப் போகிறோம்.

"பாலத்தத் தாண்டினா கிடங்குச் சாலை வருமே," என்றாள். "அங்க என் வண்டி ஒதுங்குது."

வண்டி தானே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது, அந்தச் சாலையில் ஓரிடத்தில் வேகம் குறைகிறது. பிறகு மெல்ல வலப்பக்கம் விலகுகிறது, ஓரமாக நடந்து போகும் ஆளுக்கு நாம் வழி விடுவதுபோல. தாண்டியதும் பழையபடி நேராகிவிடுகிறது. ஓரத்தில் ஆளும் இல்லை, நாயும் இல்லை.

பல் டாக்டர் சார்ஜ் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "என்னுதும்தான்," என்றார்.

ஒருவர் விடாமல் எல்லோருடைய வண்டியும் ஒதுங்கியிருக்கிறது. தன் வண்டிக்குத்தான் கோளாறு என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். ஆனால் எந்த இடத்தில் என்பதில் சண்டை வந்தது. டாக்டர் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் என்றார். பண்ணையம்மா, சிறுபாலத்தருகே என்று சாதித்தார். விசாரித்ததில், டாக்டர் போனது முந்தின வாரம். பண்ணையம்மா போனது நேற்று.

கம்பெனி விடும் அறிவிப்பையெல்லாம் வரிவிடாமல் படிப்பதால் 'அப்டேட்டு' என்று பெயர் வாங்கிய ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர் விளக்கினார்: ஒரு வண்டி எங்கேயாவது பயந்தால் அந்தப் பயம் கம்பெனிக்குப் போகும். அடுத்த புதுப்பிப்பில் எல்லா வண்டிக்கும் வந்துவிடும். ஒருத்தன் சூடுபட்டால் ஊரே கையை இழுத்துக்கொள்வதுபோல.

"அப்ப மொதல்ல பயந்த வண்டி யாரோடது?" என்று பண்ணையம்மா கேட்டார்.

கண்ணாடிக்காரி தன் வண்டிக் கதவோரம் நீட்டிக்கொண்டிருக்கும் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். வலப்பக்கத்தைவிட அது புதுசாக இருந்தது.

3.

அந்த வண்டி அவள் அண்ணனுடையது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் எந்நேரமும் ஓடுகிறவர். மழைக்காலத்தில் ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "கண்ணு மங்கலா இருக்கும்மா. இனிமே ஓட்டல."

அவள் விடவில்லை. கடைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்துப் பரிசோதித்தாள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் கடைசி வரி எழுத்துகளை அண்ணன் தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தார். படித்து முடித்த பிறகுதான் தான் மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது. அவள் விளக்கை அணைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

(இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. கூடப்பிறந்தவள் கேட்காமல் இருப்பாளா? பாத்திரம் பொய்யாகத் தெரிகிறதே என்று அவளிடமே சொன்னேன். "கேட்டா சொல்லிடுவாரோன்னு பயம்," என்றாள். நான் எழுதிவைத்திருந்த ஒரு பக்கத்தை அடித்துவிட்டேன்.)

4.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் மதியம் கடையை மூடிவிட்டு அவள் கிடங்குச் சாலைக்குப் போனாள். ஒருபக்கம் நீளமான கிடங்குச் சுவர். எதிர்ப்பக்கம் வடிகாலை ஒட்டிச் சில வீடுகள். சிறுபாலத்தைத் தாண்டி, ஒரு வேப்ப... (மரத்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. எனக்கும் வேண்டாம்.) ஒரு மரத்தடியில் வண்டி ஒதுங்கியது.

சற்றுத் தள்ளி ஒரு வீட்டு வாசலில் இளம்பெண் ஒருத்தி அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வழி கேட்பதுபோல் பேச்சுக் கொடுத்தாள் கண்ணாடிக்காரி. அந்தப் பெண்ணின் அப்பா கிடங்கில் காவலாளியாக இருந்தவர். மழை பெய்த ஒரு விடியற்காலையில், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், டிரான்ஸ்பார்மர் அருகே வடிகாலில் செத்துக் கிடந்தார். வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

"சத்தமே இல்லாத கார்ங்க வருதுல்லக்கா, அதுங்க மட்டும் ஒதுங்கிப் போகுது," என்றாள் பசையைத் தடவிக்கொண்டே. "மொதல்ல டிரான்ஸ்பார்மர்கிட்ட. அப்புறம் பாலத்துகிட்ட. இப்ப அந்த மரம். ரொம்ப மெதுவாத்தான். ஆனா அப்பா வீட்டப் பாத்துதான் வர்றாரு."

அழுகையோ பயமோ அந்தக் குரலில் இல்லை. ஊருக்குப் போனவர் எந்த வண்டியில் வருகிறார் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

கண்ணாடிக்காரி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

5.

அதற்குள் அப்டேட்டு சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு எழுதிப்போட்டார். கம்பெனியும் சுறுசுறுப்பாக அடுத்த மென்பொருளை அனுப்பியது. 'தேவையற்ற ஒதுங்கல் சரிசெய்யப்பட்டது' என்று அறிவிப்பு. எல்லோரும் ஏற்றிக்கொண்டோம். நானும்தான். வைப்பர் அடங்கியது.

"நேத்து அங்க நேராப் போச்சு," என்றார் பண்ணையம்மா. "அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்ச தூரம் போனப்புறம் ஏனோ திரும்பிப் பாத்தேன். யாரையோ இடிச்சுட்டுப் போற மாதிரி."

கண்ணாடிக்காரியின் வண்டித் திரையிலும் கேள்வி வந்தது: இப்போது ஏற்றவா, பிறகா? 'பிறகு' என்றாள். ஒவ்வொரு காலையும் கேட்டது. ஒவ்வொரு காலையும் 'பிறகு'. இப்போது அந்தச் சாலையில் ஒதுங்கும் வண்டி அவளுடையது ஒன்றுதான். தான் ஏற்றிவிட்டால் அந்த ஆள் பாதி வழியில் நின்றுவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னது என்னிடம் மட்டும்தான்.

6.

"அண்ணே, வாங்க, ஒரு எடம் போய்ட்டு வரலாம்," என்றாள் ஒரு சாயங்காலம்.

பாலம் தாண்டியதும் அண்ணன் தன் பக்கத்து ஜன்னலை ஏற்றிக்கொண்டார். டிரான்ஸ்பார்மர் போனது, சிறுபாலம் போனது, மரமும் போனது. வண்டி நேராகவே ஓடியது. அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள் வீட்டுக்குச் சற்று முன்னால் வேகம் குறைந்தது. ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. வலப்பக்கம் விலகினார்கள்.

அண்ணன் இடப்பக்க ஜன்னல் வழியே வெறும் சாலையோரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் ஒதுங்கிப் போகணும்மா. அவர் சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாரு."

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். அண்ணன் சொன்னார்: அன்று விடியற்காலை ஒரு லிஃப்டுக்குள் தாயும் குழந்தையும். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது என்று போனுக்கு மேல் போன். கொட்டும் மழை. இடப்பக்கம் ஒரு சத்தம். "மரக்கிளைன்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "நெனச்சுக்கிட்டேன்," என்று திருத்தினார். குழந்தையைக் காப்பாற்றியாயிற்று. திரும்பி வரும்போது அங்கே கூட்டம் நின்றது. வேறு சாலையில் வீட்டுக்குப் போனார்.

(அந்தக் குழந்தையை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். குழந்தை இருந்தால் அண்ணன் நல்லவராகிவிடுகிறார். எடுத்தால் கெட்டவராகிவிடுகிறார். நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.)

அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார்.

7.

முடிவு ஒன்று: அந்தப் பெண் அவர் சட்டையைப் பிடித்து... (இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

முடிவு இரண்டு: அண்ணன் வாசல்வரை போய், துணிவில்லாமல் திரும்பி... (இதுவும் இல்லை. திரும்புகிறவராக இருந்தால் இறங்கியிருக்க மாட்டார்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அண்ணன் வாசலில் போய் நின்றார். அந்தப் பெண் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஒன்றில் அண்ணன் உட்கார்ந்தார். இன்னொன்றை இழுத்து, சாலையைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அதில் அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். அண்ணனின் வாய் அசைந்தது.

என்ன பேசினார்கள் என்று அண்ணன் தங்கையிடம் சொல்லவில்லை. அவளும் வழக்கம்போல் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வண்டி அந்தச் சாலையில் எங்கேயும் ஒதுங்கவில்லை. புது மென்பொருளை அவள் இன்னும் ஏற்றவில்லை.

"நீங்கதான் எழுதுறவராச்சே, என்ன பேசியிருப்பாங்கன்னு சொல்லுங்க," என்கிறாள் என்னிடம். எழுதிப் பார்த்தேன். எழுதிய ஒவ்வொரு சொல்லும் அந்தக் காலி நாற்காலியின் காதிலும் விழுகிறது. கை ஓடவில்லை.

இதோ, மறுபடி அந்தச் சாயங்காலம்: அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கார்க் கண்ணாடி ஏறியிருக்கிறது. வெளியே அண்ணன் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் விட்டுப்போன இடப்பக்க இருக்கையில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். கண்ணாடியை இறக்கும் பொத்தான் உங்கள் கைக்குக் கீழேதான்.