சங்கு ஏன் ஊதல

கல்வராயன் மலையடிவாரத்துல ஒரு தரைப்பாலம் இருக்கு. மேல மழை பேஞ்சா அரை மணி நேரத்துல ஓடை அதுமேல ஏறிடும். அதுக்குன்னே மேல தண்ணி மட்டம் பாக்குற ஒரு பொட்டி, கீழ ஒரு அபாயச் சங்கு ரூம், ரெண்டுக்கும் நடுவுல ரேடியோ மோடம். தண்ணி ஏறுனா பொட்டி சேதி அனுப்பும், கீழ கம்ப்யூட்டர் கத்தும், ரூம்ல இருக்கற ஆளு சுவிட்சப் போட்டு சங்க ஊதணும். அந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுற ப்ரோக்ராம் நான் எழுதுனது.

போன செவ்வாக்கெழம மத்தியானம் தண்ணி ஏறுச்சி. சங்கு ஊதல. மரவள்ளி புடுங்கிட்டு பாலத்து மேல வந்துகினு இருந்த செவ்வந்திய ஓடை இழுத்துகினு போயி ஒரு வேலமரத்துல சாத்துச்சி. உசுரு தப்பிச்சிது, தொடை எலும்பு போச்சி.

விசாரிக்க வந்த ஆபீசருங்க ஜாஸ்தி யோசிக்கல. மேல பொட்டியில ரெண்டு பத்துக்கு சேதி அனுப்புனதா பதிவு இருக்கு. அப்போ கீழ சேதி வந்திருக்கணும், சங்கு ரூம் ஆளு கொளஞ்சியப்பன் தூங்கியிருக்கணும். தெனக்கூலி ஆளு வேற. அவன் மேல எழுத பேனாவுக்குக் கூட வலிக்காது.

எங்க முதலாளி பிரவீன்குமாருக்கு அது ரொம்ப வசதியாப் போச்சி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மாடியில மூணு பேர் வேலை செய்யற கடை, போர்டுல 'சொல்யூஷன்ஸ்'. "மலரு, நீ போயி லாகப் பாரு. லைன் ஓகேன்னு இருந்தா ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு. அந்தாள வேலைய விட்டு எடுத்துடுவாங்க, நம்ம தலை தப்பிச்சிரும்"ன்னாரு. எனக்கும் அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல. வேல நேரத்துல தூங்குற ஆளுங்கள எனக்கு ஆகாது. கச்சிராயபாளையம் பஸ்ஸப் புடிச்சி, எறங்கி ஷேர் ஆட்டோவுல போனேன்.

ரூம் வாசல்லயே கொளஞ்சியப்பன் நின்னுகினு இருந்தாரு. அம்பது வயசு இருக்கும், மொகத்துல நாலு நாள் தாடி. "மேடம், நான் தூங்கல மேடம். அது கத்தவே இல்ல"ன்னாரு. எல்லாரும் சொல்றதுதான். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயி ஒக்காந்தேன்.

லாகுல, அதான் கம்ப்யூட்டர் எழுதி வெக்கற பதிவுல, நிமிஷத்துக்கு ஒரு வரி. லைன் ஓகே, லைன் ஓகே. செவ்வாக்கெழமையும் ஓகே. கையெழுத்துப் போட பேனாவ எடுத்துட்டேன். எதுக்கும் பின்னாடி தள்ளிப் பாப்போம்னு தள்ளினா, எட்டு மாசமா ஒரே ஒரு நிமிஷம் கூட லைன் கட் ஆகல. இன்னாடா இது அநியாயம்? எங்க தெருவுல கரண்டு கூட இவ்ளோ யோக்கியமா வந்ததில்லயே. மலைக் காத்துக்கு ஒரு மரக்கெளை ஆடுனாலே போதும், லைன் போயிடும்.

மோடத்துல சொருகியிருந்த கேபிளப் புடுங்கி கையில வெச்சிகினு ஸ்கிரீனப் பாத்தேன். லைன் ஓகே.

கேபிளோட கம்ப்யூட்டர் முனைய ஸ்குரு கழட்டிப் பிரிச்சேன். அந்தப் பக்கம் மோடம் இருக்குன்னு சொல்ற ஒயர் ஒண்ணு, லைன் இருக்குன்னு சொல்ற ஒயர் ஒண்ணு. ரெண்டையும் வெட்டிட்டு, கம்ப்யூட்டர் 'நான் இருக்கேன்'னு சொல்ற முள்ளோட சேத்து ஈயம் வெச்சிருந்துது. கம்ப்யூட்டர் தானே கேட்டு தானே பதில் சொல்லிகினு இருந்திருக்கு. மேலேர்ந்து லைனே இல்லாதப்ப ரெண்டு பத்து சேதி எங்க வரும்? சேதி வரலன்னா தண்ணி ஏறலன்னு என் ப்ரோக்ராமும் சும்மா இருந்துடுச்சி.

"எந்த மேதாவி பண்ண வேலைங்க இது?"ன்னு கத்தினேன். "அறிவு வேணாம்? ஒரு பொம்பள காலு போயிருக்கு. இதுல கைய வெக்க உங்களுக்கு யாரு சொன்னது?"

கொளஞ்சியப்பன் அசரல. "உங்க ஆபீசுலதான் மேடம் சொன்னாங்க. எட்டு மாசம் முன்ன இது ஓயாம கத்துச்சி, லைன் கட் லைன் கட்னு. ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்தாங்க. சோறு திங்க வுட மாட்டியாய்யா, ஒண்ணு, நாலு, ஆறு மூணு முள்ளையும் ஒண்ணா சேத்துடு, வாய மூடிக்கும்னாங்க. மறந்துடப் போவுதுன்னு கையில எழுதிகினேன். கேபிள எடுத்துகினு சங்கராபுரம் பஸ் ஏறி, ரேடியோ ரிப்பேர் கடையில ஈயம் வெச்சி எடுத்தாந்தேன். என் கைக்காசு."

எங்க ஆபீசுல பொம்பள நான் ஒருத்திதான். அவரு போன் பண்ண அன்னிக்கி என் டப்பாவுல புளிசோறு. லைன் கட்டுன்னா மேல ஆள ஏத்தி ஏரியலப் பாக்கணும், ரிப்போர்ட்டு எழுதணும், பிரவீன்குமாரு மொகத்தப் பாக்கணும். எவன் அலையறதுன்னு அந்தாளு வாய அடச்சேன். ரெண்டே நிமிஷம் பேசியிருப்பேன், அப்பறம் மறந்தே போயிட்டேன். அந்த ப்ரோக்ராம் ரெண்டு நாளா நெசத்தத்தான் கத்தியிருக்கு.

"இத ஆபீசருங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். அந்தம்மா பேரு இன்னான்னு கேட்டாங்க. தெரியலன்னேன். சிரிச்சிட்டாங்க." தாடியத் தடவிகினாரு. "நீங்க ஆபீசுல விசாரிச்சி அது யாருன்னு சொல்லுங்க மேடம். அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. செவ்வந்தி எங்க தெருவு. இவன் தூங்குனதாலதான் கால் போச்சின்னு அவ புள்ளைங்க என்னப் பாக்குதுங்க. நான் தூங்கலன்னு தெரிஞ்சா போதும்."

போன் அடிச்சிது. பிரவீன்குமாரு. "இன்னா மலரு, லைன் ஓகேவா? போட்டுட்டியா?"

"பொறுங்க சார்"னு கட் பண்ணேன். குத்தம் சொல்லி கை நீட்ட ஊரு முழுக்க ஆளு தேடுனேனே, தூ.

"அது நான்தாங்க"ன்னேன்.

கொளஞ்சியப்பன் திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ரிப்போர்ட்டுத் தாள என் பக்கம் தள்ளி வெச்சாரு.

"எழுதுங்க. பேரு முழுசா எழுதுங்க, இனிஷியலோட. கேக்கறவங்க கிட்ட நான் காட்டணும்."