பாப்பாவுக்குக் காலி செய்த அறை

பெண் குழந்தை என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் நான்தான் முதலில் சொன்னேன். "எனக்க ரூம பாப்பாவுக்கு விட்டிருவோம்." யாரும் என்னைக் கேட்கவில்லை. என் வாய்தான் முந்திக்கொண்டது. நாற்பத்து நான்கு வயது வரை நான் கெட்டதெல்லாம் இந்த வாயால்தான்.

கடல் தாண்டிய இந்தத் தீவில், மரைன் ஹில்லில், எங்கள் வீட்டில் இரண்டு அறையும் ஒரு ஹாலும். முன்னறை தம்பி டெர்வினுக்கும் அவன் மனைவி சுபிதாவுக்கும். எட்டுக்கு ஒன்பது அடியில் இருந்த பின்னறை என்னுடையது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு டெர்வினைப் படிக்க வைத்தது, படகு எஞ்சின் ரிப்பேர் வேலையில் சேர்த்துவிட்டது, குளச்சலில் பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் நான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைப்பு.

சுபிதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஐந்து மாதம் கழித்துப் பிள்ளையோடு வருவாள். வந்ததும் இங்கே எங்கள் கோவிலில் ஞானஸ்நானம். அதற்கு நான்தான் தலைதொட்டம்மா. ஞானத்தாய் என்று சாமியார் சொல்வதைக் கடற்கரைக்காரர்கள் நாங்கள் அப்படிச் சொல்வோம். கல்யாணத்தன்றே டெர்வின் என் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் பிள்ளைக்கு நீதான் என்று சொல்லியிருந்தான். தலையில் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவள் அதற்கு இன்னொரு அம்மா. வாழ்க்கையில் எனக்கு வேறு ஆசை மிச்சமில்லை. அந்த ஒன்று வேண்டும்.

அறையைக் காலி செய்தேன். என் கட்டிலைப் பக்கத்து வீட்டு ஒச்சம்மாவுக்குக் கொடுத்தேன். என் துணிகள் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அது எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

இந்த ஊர் மழையில் சுவர் எப்போதும் ஓதம் காத்துக்கொண்டே இருக்கும். பூஞ்சையைச் சுரண்டி, காயவிட்டு, மறுபடி சுரண்டி, இரண்டு வெயில் நாள் சேர்ந்து கிடைப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. வெளிர் மஞ்சள் அடித்தேன். ரோஸ்தான் வேண்டும் என்று சுபிதா வீடியோ காலில் சிணுங்கினாள். மஞ்சளின் மேல் ரோஸ் அடித்தேன். துணி அலமாரியின் அடித்தட்டில் ஒரு சின்ன பல்பு போட்டுவைத்தேன். இல்லையென்றால் இந்த ஈரத்தில் பிள்ளைத்துணி ஒருநாளும் காயாது. உத்தரத்தில் தொட்டில் கொக்கி மாட்டி, நானே தொங்கிப் பார்த்தேன். அறுபத்தெட்டு கிலோ தாங்கியது.

ஜன்னல் துணி எடுக்க அபர்டீன் பஜார் போனபோது கடைக்காரர், "கிஸ்கா பச்சா ஹை, தீதி?" என்று கேட்டார். யார் பிள்ளை என்ற கேள்விக்கு, தம்பி பிள்ளை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "மேரா" என்றேன். என்னுடையது. அவர் என் தலைநரையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் துணியை மடித்துக் கொடுத்தார். நான் வேலை பார்க்கும் தையல் கடையிலேயே மதிய இடைவேளைகளில் அதைத் தைத்தேன். கொசுவலைக்கும் ஓரம் சுருக்கு வைத்தேன்.

ஜன்னலை ஒட்டி இரண்டரை அடி இடத்தை மட்டும் ஒன்றும் வைக்காமல் விட்டிருந்தேன். எனக்கு ஒரு மடக்குக் கட்டில் போட. எங்கள் வீடுகளில் பிள்ளை தனியாகப் படுக்காது. அம்மா அசந்து தூங்கட்டும் என்று மாமி, அப்பாவோடு பிறந்தவள், எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வாள். பாப்பா ரூம் என்றால் பாப்பாவும் நானும். இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"மைனி, அந்த எடம் சும்மாதான கெடக்கு? அங்க ஒரு பெரிய கட்டில் போடலாம்லா?" என்றாள் சுபிதா, வீடியோ காலில் அறையைப் பார்த்துவிட்டு.

"பெரிசு என்னத்துக்கு? சின்னது போதும்" என்றேன். அவள் எனக்காகத்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

அந்த வாரம்தான் டெர்வின், "எக்கா, பிள்ளைக்க பேரு பதியணும். கோவில் லெட்டர் வேணுமாம். ஃபாதர்ட்ட போன்ல சொல்லிட்டேன். நீ போய் வாங்கி ஸ்பீட் போஸ்ட்ல போட்டுரு" என்றான். அரை நாள் லீவு போட்டேன். கொட்டுகிற மழையில் சாமியாரிடம் ஒட்டிய கவரை வாங்கி, பாலித்தீன் பையில் சுற்றி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸ் போனேன். ஒரு சொட்டு படவில்லை. அவ்வளவு பத்திரமாக அனுப்பினேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து தொட்டில் மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளை. தலைக்கு மேலே சாமியாரின் கை. பிள்ளையை ஏந்தி நிற்பது சுபிதாவின் கல்யாணமான தங்கை சுஜிதா.

வேறு ஊர்ப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமென்றால் சொந்த ஊர்ப் பங்குச் சாமியாரின் சம்மதக் கடிதம் வேண்டும். இது எங்கள் கோவிலில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் நெஞ்சில் வைத்துக் கொண்டுபோய்த் தபாலில் போட்டது அந்தக் கடிதம்தான்.

"டெர்வின்!"

கிரீஸ் கையோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"பேரு பதியதுக்குன்னு சொன்னியே?"

"சொன்னா நீ போவியாக்கா?"

"எதுக்குடா சுஜிதா?"

தரையைப் பார்த்தான். "சுபிதாக்க அம்மைக்கு மனசில்ல. கல்யாணம் ஆவாதவ தலைதொட்டா பிள்ளைக்கும் அப்படியே ஆயிருமாம். ஊர்ல அப்படிச் சொல்லுதாவளாம்."

"கோவில்ல அப்படி எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்லதான். நானும் சொன்னேன். அவியளுக்க வீட்டுல இருக்கும்போ நான் என்ன செய்ய முடியும்? சோட் தோ எக்கா, விடு. முடிஞ்சு போச்சு." மிச்சத்தையும் சொல்லிவிட்டான். "சுபிதாக்க அம்மையும் கூட வாறாவ. ஒரு வருசம் இருப்பாவ. கட்டில் அவியளுக்குத்தான். நீ ஹால்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

அவனுக்குச் சின்னம்மை போட்டபோது இருபத்தொரு நாள் அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லிக்காட்ட வாய் வரை வந்தது. முதல் தடவையாக என் வாய் எனக்கு அடங்கியது. அடங்கி என்ன பிரயோஜனம்?

எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டிருக்கலாம். பிய்க்கவில்லை. பிள்ளை என்ன பாவம் செய்தது என்று மற்றவர்களிடம் சொன்னேன். அது பொய். அந்த அம்மாள் வந்து குறை சொல்ல ஒரு நூல் கூடப் பிரிந்திருக்கக் கூடாது என்ற வீம்பு. பெரிய கட்டிலை நானும் டெர்வினும் தூக்கிப் போட்டோம். அலமாரியை ஒரு முழம் தள்ளியதும் என் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

அவர்கள் வந்த அன்று மதியம் வாசலில் கார் நின்றது. ஏர்போர்ட்டுக்கு நான் போகவில்லை. சுபிதா நேராகப் பாப்பா அறைக்குப் போய்ச் சுற்றிப் பார்த்தாள். "மைனி, கடையில வச்ச மாதிரி இருக்கு!" என்று நிஜமாகவே கண் கலங்கினாள். கெட்டவள் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு பிள்ளையை என் பக்கம் நீட்டினாள்.

"மாமிட்ட போ மக்களே."

டெர்வினின் அதே சப்பை மூக்கு. வாயில் எச்சில் குமிழ். என்னைப் பார்த்துக் காலை உதைத்தது. ஐந்து மாதமாக இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் சுவரைச் சுரண்டினேன். கை தானாக மேலே வந்தது. அப்போது சுபிதாவின் தோளுக்குப் பின்னாலிருந்து அவள் அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு சளி புடிச்சிருக்கு" என்றேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை.

சுபிதா சட்டென்று பிள்ளையை மார்போடு இழுத்துக்கொண்டாள். "அப்ப சரியாவது வரைக்கும் கிட்ட வராண்டாம், என்னா?" என்று அவள் அம்மா மெதுவாகச் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள்.

மூன்று வாரமாகிறது. சளி போய்விட்டதா என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.